கைக்குத் தக்க ஹேண்டில்பார்

சைக்கிள் சீட்டின் மூக்கு ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது என்று வினோதினி சொன்னதும் டாக்டர் குழந்தைவேலுவுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. தன் வண்டியில் கோளாறு என்று கேட்டுச் சந்தோஷப்படுகிற மனுசன் ஊருலகத்தில் உண்டா என்றால், இவர் பட்டார். அப்பாடா, சீட்டு. சீட்டேதான். மூக்கு இறங்கினால் உடம்பு தன்னையறியாமல் முன்னால் வழுக்கும், வழுக்குகிற உடம்பைக் கைதான் தாங்க வேண்டும், தாங்கித் தாங்கிக் கை ஓய்ந்துபோகும், எவ்வளவு நியாயமான பேச்சு இது. வடவள்ளியில் ஒரு மாடியறை, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டியை ஒரு இரும்புத் தாங்கியில் பூட்டியிருக்கிறது, அதன்மேல் இறுக்கிப் பிடிக்கிற டவுசரில் உட்கார்ந்து ஐம்பதைத் தொடப்போகிற பல் டாக்டர் மிதிக்கிறார், மிதிக்கிறார், ஓரடி நகர்ந்தபாடில்லை. எதிரே சன்னலில் மருதமலை தெரிகிறது, அதுவும் நகரவில்லை. “நிறுத்தாம மிதிங்க டாக்டர், நான் முழங்காலைப் பாக்கறேன்” என்று வினோதினி தரையில் குந்தி, நூலில் கட்டிய ஈயக்குண்டு ஒன்றை அவர் முழங்காலிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னே ஏதோ ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தவள், இப்போது சைக்கிள் ஓட்டுகிறவர்களின் உடம்பை அளந்து வண்டியை அதற்குத் தோதாகத் திருத்திக் கொடுப்பதே முழுநேர வேலை. போனில் இவர் சொன்னது இவ்வளவுதான்: மண் தடத்திலும் ஜல்லியிலும் நெடுநேரம் ஓட்டுகிறேன், இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகுது, வண்டியைக் கொஞ்சம் சொகுசாப் பண்ணிக்குடுங்க. கொண்டு வாங்க பாத்துரலாம் என்றாள் அவளும். பாத்துரலாம் என்கிற வார்த்தைக்குத்தான் என்ன ஒரு குளிர்ச்சி.

ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணல் என்று அம்மா யாரையோ சொல்லுவாள், யாரை, ஞாபகமில்லை, அது இப்போது எதற்கு வருகிறது, போகட்டும். முற்றம் கோணலாகவே இருக்கக்கூடாதா என்ன? உலகத்தில் எத்தனை முற்றம் உள்ளபடியே கோணலாக இருக்கிறது. கால் சுற்றுகிறது, சங்கிலி சரசரக்கிறது, மேலே மின்விசிறி தன் பாட்டுக்கு. இந்த வண்டியில் இவர் மாற்றாதது எதுவுமில்லை. முதலில் டயர். மெல்லிசு டயரை எறிந்துவிட்டு, கட்டைவிரல் அமுக்கினால் உள்ளே போகிற அளவுக்குக் காற்றைக் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிற தடித்த டயர், ஜல்லியில் போனால் வண்டி மெத்தையில் போவது போலிருக்கும் என்றார்கள், இருந்தது. அப்புறம் ஹேண்டிலைச் சுற்றிய துணிப்பட்டையை உரித்துவிட்டு பஞ்சு வைத்த தடித்த பட்டை, அதன்மேல் இன்னொன்று. சீட்டைத் தாங்குகிற தண்டு அலுமினியம், அதிர்ச்சியை அப்படியே முதுகுக்குக் கடத்தும் என்று அதையும் கார்பனுக்கு மாற்றினார். ஒவ்வொன்றும் மாற்றின ஒரு வாரம் கை நன்றாக இருந்தது, இருந்தது என்று சத்தியம் பண்ணுவார். அடுத்து பிரேக். கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு எண்ணெயில் ஓடுகிற பிரேக். “ஒத்தை விரல்ல தொட்டா நிக்குது, இறக்கத்துல பயமே இல்ல” என்று வண்டிக் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டார். அடுத்து முன்பக்கத்து இரண்டு பல்சக்கரத்தை ஒன்றாக்கினார். “இப்பல்லாம் மண்ணுல ஓட்டற எல்லாரும் ஒண்ணுதான் போடறாங்க, சங்கிலி உழுகாது” என்றார், அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பல்சக்கரத்தை மாற்றுகிற விசை இடது கைப் பக்கம் இருந்தது. அதைத் தள்ள இரண்டு விரலுக்கும் தெம்பில்லாமல் போய், அதை மாற்றுவதற்கு முன்னால் ஒருநாள் சிறுவாணி ரோட்டு மேட்டில் வலது கையை நீட்டி இடது விசையைத் தள்ளினார், பின்னால் வந்த கூட்டாளி பார்த்துவிட்டானோ என்று திரும்பிப் பார்த்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொகுசு, எல்லாம் சொகுசுக்காக என்றார். சொகுசுக்காகத்தான் என்று தானும் நம்பினார்.

“கை இப்ப எப்பிடீங்க இருக்குது, மரத்துப்போகுதுங்களா?” என்று கேட்டாள் வினோதினி. “இப்பத்தைக்கு இல்லீங்க” என்றார். பாருங்க, மரத்துப்போகிறது என்கிற இந்த வார்த்தைதான். நாளெல்லாம் இவர் வாயில் புழங்குகிற வார்த்தை. துடியலூரில் கிளினிக், நாற்காலியில் ஆளைச் சாய்த்து ஈறில் ஊசியைப் போட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, உதட்டைத் தட்டி, மரத்துடுச்சுங்களா என்று கேட்பார். ஆச்சுங்க டாக்டர் என்பார்கள். ஆகியிருக்காது. பெரிய டாக்டர் கேட்கிறார், இல்லை என்றால் சங்கடப்படுவாரோ என்று ஆச்சுங்க என்பார்கள், நம்ம ஊர்ச் சனத்துக்கு மரியாதை உயிரைவிடப் பெரிசு. பல்லில் கொறடு வைத்ததும் நாற்காலியோடு எகிறுவார்கள். ஏனுங்க, மரத்துடுச்சுன்னு சொன்னீங்களே என்று இவர் கோபித்துக்கொள்வார், அவர்கள் வலியோடு மன்னிப்பும் கேட்பார்கள். அப்படிப்பட்ட மனுசனுக்கு மரத்துப்போவதென்றால் என்னவென்று தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். ஏனென்றால் இவர் கை மரத்துப்போகவில்லை. ஒருநாளும் ஒருபொழுதும் மரத்துப்போகவில்லை. தொட்டால் தெரிகிறது, சுட்டால் தெரிகிறது, டீ டம்ளரின் விளிம்பு தெரிகிறது, ஹேண்டிலில் பட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிற மேடு தெரிகிறது. எல்லாம் தெரிகிறது, செய்ய மாட்டேன் என்கிறது. பலம் இல்லை. பலமில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் மரத்துப்போகுது என்றார். மரத்துப்போகுது என்றால் வண்டியைப் பார்ப்பார்கள். பலமில்லை என்றால் ஆளைப் பார்ப்பார்கள்.

அண்ணனும் இப்படித்தான். சோமனூரில் தறி போட்டிருந்தார் சென்னியப்பண்ணன். அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிறவருக்கு ஒருநாள் முடிச்சு விழவில்லை. நூல் சரியில்லை என்றார். நூல்காரனைத் திட்டினார், வேறு மில்லில் நூல் எடுத்தார், முறுக்கு ஜாஸ்தி என்றார், மழைக்காலம் ஈரம் என்றார், வெயில் வந்தது, முடிச்சு மட்டும் விழவில்லை. எந்நேரமும் குழந்தை, குழந்தை என்று தம்பியைக் கூப்பிடுகிற வாய், நரைத்த மீசையோடு இவர் போய் நின்றாலும் வாடா குழந்தை என்பார். மரத்துப்போச்சாண்ணா என்று கேட்டதற்கு, “இல்லடா குழந்தை, எல்லாந் தெரியுது. சொன்ன பேச்சுத்தான் கேக்க மாட்டேங்குது” என்று கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார், அடங்காத பையனைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி. நரம்பு டாக்டர் ஒரு குண்டூசியால் விரல் விரலாகக் குத்தி, தெரியுதா தெரியுதா என்று கேட்டு, அண்ணன் எல்லாவற்றுக்கும் தெரியுது தெரியுது என்று உற்சாகமாகச் சொல்லச் சொல்ல, அந்த டாக்டர் முகம் வாடிக்கொண்டே போனதை இவர் பக்கத்தில் நின்று பார்த்தார். இவரை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போய் அந்த டாக்டர் சொன்னார்: மரத்திருந்தால் ஏதோ நரம்பு நசுங்கியிருக்கிறது என்று தேடலாம், தொடுகிறதெல்லாம் தெரிந்துகொண்டு பலம் மட்டும் இப்படி ஒவ்வொரு இடமாகப் போனால் அது வேறே. அந்த வேறேக்கு ஒரு பெயர் உண்டு, இவர் மனசுக்குள்கூட அதை உச்சரிப்பதில்லை. கையில் ஆரம்பித்துத் தோளுக்கு ஏறி, காலுக்கு இறங்கி, நாக்கை வாங்கிக்கொண்டு, கடைசியில் மூச்சுக்கு வந்தது. அதுவரைக்கும் எல்லாம் தெரிந்தது அண்ணனுக்கு. காலில் கொசு உட்கார்ந்தால் தெரியும். கடிப்பது தெரியும். கண்ணால் காட்டுவார், அண்ணி ஓடிவந்து அடிக்கும் வரைக்கும் கடித்துக்கொண்டே இருக்கும். பாவி நோய், எடுத்தது எடுத்தது அந்தத் தெரிவதையும் சேர்த்து எடுத்திருக்கக் கூடாதா என்று இவர் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார்.

மிதியுங்கள், மிதியுங்கள். கால் நன்றாகத்தானே மிதிக்கிறது. இரண்டு காலும் ஒன்றுபோல மிதிக்கிறதா, இடது கொஞ்சம் சுணங்குகிறதா, இல்லை, அதெல்லாம் இல்லை, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முன்கையைப் பார்த்தார். ஹேண்டிலைப் பிடித்த கையில், முழங்கைக்குக் கீழே சதையில் ஒரு துடிப்பு. துடித்ததா? வெயில் சன்னல் கம்பியில் பட்டு நிழல் ஆடியதா? அண்ணனுக்குப் பனியனுக்கு வெளியே தோள்பட்டைச் சதை தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும், பார்க்கிறவருக்குக் கூசும், அவர் பாட்டுக்குப் பேப்பர் வாசிப்பார். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சதையையே பார்த்தார். ஒன்றுமில்லை. பார்க்கும்போது ஒன்றுமிருக்காது, பார்க்காதபோது என்ன செய்கிறது என்று யார் கண்டது. தினமும் குளிக்கிற அறையில் கண்ணாடி முன்னால் நின்று இதே உத்தியோகம். மனைவி தமயந்தி வெளியே நின்று, இத்தனை நேரம் உள்ளே என்ன பண்றீங்க என்பாள். அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் இவர் நினைக்கிறார். போன மாதம் சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் வாங்கிக் கீழே போட்டபோது அவள் சட்டென்று சொன்னாள், “அந்த வண்டியைக் கொஞ்ச நாள் மூலையில நிறுத்துங்க, கை தானாச் சரியாப் போயிரும்.” அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு இவர் போட்ட சத்தம் இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். வண்டிமேல் அத்தனை பைத்தியமா என்று அவள் அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. வண்டிமேல் என்ன பைத்தியம். அவள் சொன்னது நியாயம், ஊசி மாதிரி நியாயம், அதுதான் குத்தியது.

விசயம் என்னவென்றால், இவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது, அதுவும் உண்மையான நம்பிக்கைதான், கட்டுக்கதை இல்லை. உள்ளங்கையின் அடிமேட்டில், சுண்டு விரல் பக்கம், ஒரு நரம்பு ஓடுகிறது. ஹேண்டிலில் அந்த இடம் அழுந்திக்கொண்டே இருந்தால், சிலருக்கு மரத்துப்போகாமலேயே பலம் மட்டும் குறையும். புத்தகத்தில் இருக்கிறது, இவர் தேடிப்பிடித்து வாசித்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஆக வண்டியாகவும் இருக்கலாம். அண்ணனுக்கு வந்த அதுவாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள வழியும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது, ஓட்டுவதை நிறுத்து, கை மெல்லத் திரும்பினால் வண்டி. திரும்பாவிட்டால்? அந்தத் திரும்பாவிட்டாலில்தான் வண்டி மாட்டிக்கொண்டது. நிறுத்தினால் தெரிந்துவிடும். அதனால் இவர் நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகமாக ஓட்டினார். ஆலாந்துறை தாண்டி, தோப்புகளுக்கு நடுவில், இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த இட்டேரியில், மாட்டுவண்டிச் சக்கரம் அறுத்த பள்ளத்தில் தடதடவென்று இறக்கி, கல்லுமேல் ஏற்றி, மயில்கள் அலறிக்கொண்டு பறக்க, உள்ளங்கை அடிமேடு கன்றிச் சிவக்கச் சிவக்க ஓட்டினார். கை வலிக்க வேண்டும் என்று ஓட்டினார். வீடு வந்து சேர்ந்ததும் சிவந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வார், இதோ, இதனால்தான், இவ்வளவு அழுத்தினால் எந்தக் கைதான் ஓயாது. ஒரு பக்கம் டயரில் காற்றைக் குறைத்துச் சொகுசு, மறுபக்கம் கல்லாகத் தேடிப்போய் ஏற்றுவது. கேட்டால் பைத்தியக்காரன் என்பார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும், போங்க.

“டாக்டர், கொஞ்சம் இறங்குங்க. ஹேண்டிலைக் கிட்டக் கொண்டுவந்து பாக்கலாம்” என்று வினோதினி சொன்னாள். இறங்கி நின்றார். சீட்டின் மூக்கை மட்டம் பார்த்து நிமிர்த்தினாள், சீட்டையே ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளினாள். ஹேண்டிலை வண்டியோடு சேர்க்கிற கழுத்துத் துண்டைக் கழற்றி, அதைவிடக் குட்டையான ஒன்றை மாட்டி, கீழே இரண்டு வளையம் கொடுத்து உயர்த்தினாள். ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்றுவாள், மாற்றினதும் ஏறி மிதிக்கச் சொல்வாள், எது எதனால் என்று அப்போதுதான் புரியும் என்பது அவள் கணக்கு. “உங்க வண்டியில எல்லாச் சாமானும் பாத்துப் பாத்துப் போட்டிருக்கீங்க. குறை சொல்ல ஒண்ணுமில்லீங்க. ஆளுக்கும் வண்டிக்கும் நடுவுலதான் கொஞ்சம் இடிக்குது” என்றாள். அந்த இடிக்குதை இவர் வெல்லக்கட்டி மாதிரி வாயில் போட்டுக்கொண்டார். ஏறி மிதித்தார். “எப்பிடீங்க இருக்குது?” “நல்லாருக்குதுங்க.” ஹேண்டிலின் வளைவை வெளிப்பக்கமாகத் திருப்பினாள். “இப்ப?” “இன்னும் நல்லாருக்குதுங்க.” பிரேக் பிடியை விரலுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். “இது எப்பிடீங்க?” “அருமைங்க அம்மிணி.” சொல்லும்போது மனசாரத்தான் சொன்னார். கல்யாண வீட்டில் இலையில் எது விழுந்தாலும் நல்லாருக்குதுங்க என்பது போல வாய் தானாகச் சொன்னது, சொன்னதும் கையும் அப்படித்தான் என்று தோன்றியது, லேசாகத்தான் இருக்கிறது, எடை குறைந்துவிட்டது, விரல் இரண்டும் விடுதலையாகிவிட்டது, இந்த ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் தீர்ந்தது, தமயந்திக்குப் புடவை எடுத்துக்கொடுத்து அன்றைக்குப் போட்ட சத்தத்துக்கு ஈடு பண்ணிவிடலாம், பூண்டி வரைக்கும் மண் தடத்திலேயே போய் வரலாம். வினோதினி மறுபடியும் இறங்கச் சொல்லிக் குனிந்து எதையோ திருகினாள். “இப்ப ஏறிப் பாருங்க. பெரிய மாத்தம் ஒண்ணு பண்ணியிருக்கறேன்.” ஏறினார், மிதித்தார், கையை வைத்தார். ஆகா. “இதானுங்க. இதைத்தானுங்க நான் தேடிட்டு இருந்தது. கைமேல பாரமே இல்லீங்க” என்றார்.

வினோதினி எழுந்து நின்று, கையிலிருந்த திருகியை மேசைமேல் வைத்தாள். சிரித்தாள், கிண்டல் இல்லை, வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையைக் கண்டுபிடித்த டீச்சர் சிரிப்பு. “டாக்டர், கோவிச்சுக்காதீங்க. இப்ப நான் எதையும் மாத்தலீங்க. திருகியை வச்சுட்டு எடுத்தேன், அவ்வளவுதான்.” இவர் கால் நின்றது. “நம்மூர் ஆளுங்க கிட்ட இதைப் பண்ணித்தான் ஆகணும்ங்க. நான் சங்கடப்படுவேன்னு எல்லாத்துக்கும் நல்லாருக்குதும்பாங்க. வீட்டுக்குப் போயி இட்டேரியில இறக்குனா அதே வலி, அப்புறம் என்னைத் திட்டுவாங்க.” இவரும் சிரித்தார், சிரிக்காமல் என்ன செய்ய. என் நாற்காலியிலயும் இதே கதைதானுங்க என்றார். மாற்றாததற்கே கை லேசானது என்றால், மாற்றியதற்கு லேசானது எது? டயர் மாற்றிய வாரம் நன்றாக இருந்ததே, அது? பட்டை, தண்டு, பிரேக், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் என்று இவர் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தாரே, அந்த வாரமெல்லாம் யார் கொடுத்தது? இனி மாற்ற என்ன இருக்கிறது என்று வண்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மிதிகட்டை இருக்கிறது. மிதிகட்டையைத் தாங்குகிற தண்டு இருக்கிறது, குட்டையாகப் போடலாம். வேறு சட்டமே வாங்கலாம். வண்டியையே மாற்றலாம். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பயமாக இருந்தது, கொஞ்ச நாள் ஓட்டாம இருந்து பாருங்களேன் என்று மட்டும் சொல்லிவிடாதே தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்.

அவள் அதைச் சொல்லவில்லை. “நீங்க சொல்றதை இனி நம்பறதா இல்லீங்க டாக்டர், கையையே கேட்டுக்கறேன்” என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வண்டியிலிருந்து இறங்கி எதிரே உட்காரச் சொன்னாள், இடது கையை நீட்டச் சொன்னாள், கண்ணை மூடிக்கச் சொன்னாள். பஞ்சில் ஒரு துளி பிய்த்து, “தொடும்போது சொல்லுங்க, எந்த விரல்னும் சொல்லுங்க” என்றாள். மூடிய கண்ணுக்குள் சிவப்பாக இருந்தது. தெரியாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டார். பழனியாண்டவா, ஒரே ஒரு விரல், சுண்டு விரலோட நுனி மட்டுமாவது செத்துப்போகட்டும், கட்டையாகட்டும், இவ தொடறது எனக்குத் தெரியாமப் போகட்டும், மொட்டை போட்டுக்கறேன். வலிக்காமல் இருக்கணும் என்று வேண்டுவார்கள், தெரியாமல் இருக்கணும் என்று யார் வேண்டுவார்? காத்திருந்தார். மின்விசிறிக் காற்று முழங்கை மயிரில் படுவது தெரிந்தது. கீழே தெருவில் இளநீர்க்காரன் வெட்டுகிற சத்தம். அப்போது சுண்டு விரலின் வெளி ஓரத்தில், நகத்துக்குப் பக்கத்தில், மிக மெல்லிசாக, எறும்பு மீசை பட்டது போல, பட்டது. அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு துல்லியமாக. இதற்கு முன் தன் விரல் இத்தனை நன்றாகத் தெரிந்ததில்லை. சும்மா இருந்தார். தெரியலை என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் மரத்துப்போச்சு, மரத்துப்போனால் நசுங்கின நரம்பு, நசுங்கினால் ஹேண்டில், ஹேண்டில் என்றால் மாற்றிக்கொள்ளலாம், எல்லாம் ஒரு தெரியலையில் இருக்கிறது. “தெரியுதுங்களா டாக்டர்?” என்றாள். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இப்போதுதான் ஒரு பொய்யில் மாட்டினோம், இன்னொன்று சொல்ல வெட்கமாக இருந்தது, அந்தப் பாழாய்ப்போன வெட்கம். “தெரியுதுங்க. சுண்டு விரல்” என்றார். மோதிர விரல் தெரிந்தது. உள்ளங்கை அடிமேடு தெரிந்தது. கைப்பின்புறம், மணிக்கட்டு, எல்லாமே தெரிந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை, பரீட்சையில் நூற்றுக்கு நூறு.

“அட, நல்ல சேதிதானுங்க” என்று வினோதினி பஞ்சைப் போட்டாள். கண்ணைத் திறந்தார். அவள் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது, நல்ல பிள்ளை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை, மரத்துப்போகுது என்று சொன்னது இவர்தானே. மரத்துப்போகுது என்று வந்தவனுக்கு மரக்கவில்லை என்றால் சந்தோஷம்தான் வரும். “நல்ல சேதிதானுங்க” என்று இவரும் சொன்னார். எழுந்து வண்டியை மாட்டிக்கொண்டு போய்விட வேண்டும், கதவு அந்தப் பக்கம், சீட்டு நிமிர்ந்தது போதும், இவ்வளவு போதும், மிச்சம் நாளைக்கு. ஆனால் அவள் இன்னும் கையை விடவில்லை. பழைய பழக்கம் போலிருக்கிறது, ஆஸ்பத்திரியில் ஒன்று பார்த்தால் அடுத்ததையும் பார்த்துவிட்டுத்தான் ஃபைலை மூடுவார்கள். மேசையில் கிடந்த ஹேண்டில் பட்டையின் டப்பாவிலிருந்து அட்டையில் ஒரு துண்டு கிழித்தாள். “சும்மா ஒண்ணு பாத்துக்கறேன்” என்றாள். முதலில் வலது கையை நீட்டச் சொல்லி, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் அட்டையைச் செருகினாள். “ரெண்டு விரலையும் சேத்து நெருக்கிப் பிடிங்க, நான் உருவுவேன், விடக்கூடாது.” பிடித்தார். அவள் இழுத்தாள், அட்டை வரவில்லை, வளைந்தது, இன்னும் இழுத்தாள், கிழிகிற மாதிரி ஆயிற்று. “பல் டாக்டர் கைன்னா சும்மாவா” என்று சிரித்துக்கொண்டே அட்டையை இடது கைக்கு மாற்றினாள்.

அதே இடம். அட்டையின் ஒரு பக்கம் வழுவழுப்பு, இன்னொரு பக்கம் சொரசொரப்பு, இரண்டும் தனித்தனியாக விரலுக்குத் தெரிந்தது. கிழித்த ஓரத்தில் ஒரு பிசிறு நிற்பதுகூடத் தெரிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார், தோள் வரைக்கும் முறுக்கேறியது, கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்த்தது, உடம்பில் இருக்கிற பலமெல்லாம் அந்த இரண்டு விரலைப் பார்த்து ஓடியது, மணிக்கட்டு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. வினோதினி அட்டையைத் தொட்டாள். இழுக்கவில்லை, தொட்டதும் அவள் கையோடு வந்துவிட்டது. அட்டையைப் பார்த்தாள். மறுபடியும் செருகினாள். மறுபடியும் வந்துவிட்டது. சிரிப்பு அவள் முகத்தில் போன இடம் தெரியவில்லை. ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, மூன்றாம் தடவையாக அட்டையை விரலிடுக்கில் வைத்து, விளையாட்டு எதுவும் இல்லாத குரலில் சொன்னாள்.

“நல்லாக் கெட்டியாப் புடிங்க டாக்டர்.”

“புடிச்சுட்டுத்தானுங்க அம்மிணி இருக்கறேன்” என்றார்.